அடுத்து யார்?

வரிசை என்றால் ஆங்கிலேயர்களுக்கு உயிர். பஸ் நிறுத்தத்தில் இரண்டே பேர் இருந்தாலும் ஒருவர் பின்னால் ஒருவராகத்தான் நிற்பார்கள். விம்பிள்டன் டிக்கெட்டுக்காக முதல் நாள் இரவே கூடாரம் அடித்துப் புல்லில் படுத்துக் கிடப்பார்கள். அந்த ஊரில் வரிசையே போடாத ஓர் இடம் உண்டென்றால் அது பப்தான். நீளமான மரக் கவுண்டர். இந்தப் பக்கம் முப்பது நாற்பது பேர், முண்டியடிக்காமல், ஆனால் ஒழுங்காகவும் இல்லாமல், பரவி நிற்கிறார்கள். அந்தப் பக்கம் இரண்டே பேர் பீர் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். டோக்கன் கிடையாது, சீட்டு கிடையாது. ஆனாலும் முறை தவறுவதில்லை.

லண்டனில் ஹோபன் பகுதிக்கு ஒரு வெள்ளிக்கிழமை மாலை என்னை அழைத்துப் போன தங்கை மகன், வாசலிலேயே பாடம் நடத்திவிட்டான்.

"மாமா, உள்ள போய் உக்காந்தா ஒருத்தரும் வந்து என்ன வேணும்னு கேக்க மாட்டாங்க. நாமதான் கவுண்டருக்குப் போகணும். கையத் தட்டக் கூடாது, சத்தம் குடுக்கக் கூடாது, நோட்ட ஆட்டிக் காட்டவே கூடாது. முழங்கைய லேசா கவுண்டர் மேல வெச்சுட்டு அவரு கண்ணப் பாத்தா போதும்."

"பாத்தா?"

"லேசா தலைய ஆட்டுவாரு. அவ்வளவுதான், நம்ம பேரு பதிவாயிருச்சுன்னு அர்த்தம்."

"சரி மாப்ளே. உங்கம்மா கேட்டா மியூசியத்துக்குப் போனோம்னு சொல்லிக்கலாம்."

"உள்ள வந்து பாருங்க மாமா. பொய் சொல்ல வேண்டியிருக்காது."

அவன் சொன்னது சரிதான். 'பிரின்சஸ் லூயிஸ்' என்ற அந்தப் பப் 1872-இல் கட்டப்பட்டது. விக்டோரியா ராணியின் மகள் பெயர். உள் அலங்காரம் 1891-இல் செய்தது. சுவர் முழுக்க வண்ணப் பீங்கான் ஓடுகள், பூ வேலை செய்த கண்ணாடிகள், தலைக்கு மேலே கனத்த சிவப்பு விதானம். நடுவில் தீவு மாதிரி கவுண்டர். அதைச் சுற்றிலும் மரமும் செதுக்குக் கண்ணாடியுமாகத் தடுப்புகள் நின்று, சின்னச் சின்ன அறைகளாகப் பிரிகின்றன. ஓர் அறையில் ஆறு பேர் நெருக்கி நிற்கலாம். கீழே ஆண்கள் கழிப்பறையின் பளிங்குகூட அரசின் பாதுகாப்புப் பட்டியலுக்குள் வருகிறது. என் வாழ்நாளில் கழிப்பறையைப் பார்க்கவென்றே படியிறங்கிப் போனது அங்கேதான்.

பாட்டு இல்லை, டிவி இல்லை. பப்பை நடத்தும் யார்க்‌ஷர் மதுபான நிறுவனம் சாமுவேல் ஸ்மித்துக்கு அது கொள்கை. தன் பப்புகளுக்குள் செல்போனில் பேசவும் 2019-இல் தடை போட்டது. ஆகவே அறை முழுக்க மனிதக் குரல்தான். நாற்பது பேர் ஒரே நேரத்தில் பேசினாலும் எதிரில் இருப்பவர் சொல்வது காதில் விழுகிறது. ஸ்பீக்கர் இல்லாவிட்டால் யாரும் கத்திப் பேச வேண்டியதில்லை என்ற சின்ன உண்மை எனக்கு அங்கே உறைத்தது.

கவுண்டரில் முழங்கையை வைத்தேன். பீர் பிடித்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்து, கண்ணால் ஒரு முத்திரை குத்திவிட்டுக் குனிந்துகொண்டார். எனக்குப் பின்னால் வந்தவர்கள் இடமும் வலமும் நிறைந்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து அவர், "அடுத்து யார்?" என்று பொதுவாகக் கேட்டார். அப்போது நடந்ததுதான் எனக்கு அதிசயம். என் பக்கத்தில் கோட்டும் டையுமாக நின்றிருந்தவர், அவரையே பார்த்துத்தான் கேள்வி வந்திருந்தும், தலையைத் திருப்பி என்னைக் காட்டினார். "இவர்தான் முன்னால் வந்தார்." எனக்கு ஜிஞ்சர் பீர் வந்தது. பெயரில்தான் பீர், அது இஞ்சிச் சாறும் சோடாவும். கோட்டுக்காரர் நன்றியைக்கூட எதிர்பார்க்கவில்லை. முறையைக் காப்பது பீர் ஊற்றுகிறவரின் வேலை மட்டும் இல்லை, நிற்பவர்கள் எல்லாரும் சேர்ந்து காக்கிறார்கள்.

நம் ஊரில் மதுக்கடை என்றால் கம்பி வலைக்குள் கையை நீட்டி, வாங்கியதை இடுப்பில் செருகிக்கொண்டு, தெரிந்தவர் யாரும் பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்ப்பது. குடிக்காத எனக்கே அந்தத் தெருவில் நடக்கக் கூசும். இங்கே பாட்டி ஒருத்தி நாயோடு வந்து, நாய்க்கு ஒரு கிண்ணம் தண்ணீர் வாங்கி வைத்துவிட்டு, தனக்கு அரை பைண்ட் பீரோடு பேப்பர் படிக்கிறாள். ஒப்பிட்டுத் தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. குடியின் கேடு இரண்டு ஊரிலும் உண்டு. வெள்ளி இரவு பதினொன்றரைக்கு மேல் லண்டன் நடைபாதைகளும் அழகாக இல்லை.

தங்கை மகனின் அலுவலக நண்பர்கள் நாலு பேர் வந்து சேர்ந்ததும் 'ரவுண்ட்' தொடங்கியது. ஒருவர் போய் எல்லாருக்கும் வாங்கி வருவார். அது தீர்ந்ததும் அடுத்தவர் எழுவார். யாரும் கணக்குச் சொல்லமாட்டார்கள், ஆனால் எல்லாருக்கும் கணக்குத் தெரியும். தன் முறைக்குச் சற்று முன்பாகப் போன் வந்து வெளியே போகிறவரைப் பற்றி வருஷக்கணக்கில் பேசுவார்களாம். ஜிஞ்சர் பீர் குடிக்கிற நானும் ஒரு ரவுண்ட் வாங்கியாக வேண்டும் என்று தங்கை மகன் காதில் சொன்னான். வாங்கினேன். ஒரு பைண்ட் ஆறு ஏழு பவுண்ட் விற்கிற லண்டனில் அந்தச் சமத்துவம் எனக்குக் கொஞ்சம் வலித்தது. டிப்ஸ் வைக்கும் வழக்கம் கவுண்டரில் இல்லை. மனசு நிறைந்தால் "உங்களுக்கும் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள்" என்பார்கள். ஊற்றுகிறவர் அதற்கான காசை எடுத்து வைத்துக்கொள்வார். வேலை பார்க்கிறவரையும் ரவுண்டுக்குள் சேர்த்துக்கொள்கிற அந்த முறை எனக்குப் பிடித்திருந்தது.

இந்த ரவுண்டையே சட்டம் போட்டு நிறுத்திய காலம் ஒன்றும் இருந்தது. முதல் உலகப் போரின்போது ஆயுதத் தொழிலாளர்கள் குடித்துவிட்டு வேலைக்கு வராமல் போவது அரசுக்குக் கவலையானது. பப்புகள் திறக்கும் நேரம் குறைக்கப்பட்டது. பீரில் தண்ணீர் கூடியது. 1915-இல் லண்டன் உட்படப் பல இடங்களில் ஒருவர் இன்னொருவருக்கு மது வாங்கிக் கொடுப்பது குற்றமானது. சாப்பாட்டோடு சேர்த்து வாங்கித் தந்தால் மட்டும் விலக்கு. அந்தத் தடை போரோடு போய்விட்டது. ஆனால் போருக்காகக் கொண்டுவந்த மதிய மூடல், இங்கிலாந்தில் 1988 வரை நீடித்தது. போர் முடிந்து எழுபது ஆண்டுகள் மதியம் மூன்று மணிக்குக் கதவைச் சாத்திக்கொண்டிருந்தார்கள்!

பிரின்சஸ் லூயிஸின் அந்த அழகான தடுப்புகளுக்கு வருகிறேன். அவை அழகுக்காக வைத்தவை அல்ல. விக்டோரியா காலத்துப் பப்பில் கூலித் தொழிலாளிக்கு ஒரு பகுதி, குமாஸ்தாவுக்கு ஒரு பகுதி, கனவான்களுக்கு ஒரு பகுதி. ஒரே பீர்தான், ஆனால் மெத்தை இருக்கை உள்ள பக்கம் விலை கூடுதல். ஒருவரை ஒருவர் பார்க்காமல் ஒரே கவுண்டரைச் சுற்றி நின்று குடிக்கத்தான் தடுப்பு. இடையில் ஒரு காலத்தில் இவற்றைக் கழற்றிப் போட்டுவிட்டார்கள். 2007-08 புதுப்பிப்பில்தான் பழைய மாதிரியே திரும்பச் செய்து வைத்தார்கள்.

இதைவிட நுட்பமான ஒன்றைப் பார்க்க வேண்டுமானால் பத்து நிமிஷம் நடந்து புளூம்ஸ்பெரிக்குப் போக வேண்டும். அங்கே 'தி லேம்' என்று ஒரு பப். 1830-களின் இறுதியில் டிக்கன்ஸ் குடியிருந்த டவுட்டி தெரு பக்கத்திலேயே இருக்கிறது. சுவரெல்லாம் பழைய நாடகக் கலைஞர்களின் புகைப்படங்கள். அங்கே கவுண்டரின் மேல், நம் முகம் வரும் உயரத்தில், சின்னச் சின்னக் கண்ணாடிக் கதவுகள் வரிசையாக இருக்கின்றன. அச்சில் சுழலும், பூ வேலை செய்த மங்கலான கண்ணாடி. மூடி வைத்தால் குடிக்கிறவர் முகம் ஊற்றுகிறவருக்குத் தெரியாது. ஸ்னாப் ஸ்க்ரீன் என்று பெயர். கனவான் ஒருவர் கதவைக் கொஞ்சம் திறந்து, வேண்டியதைச் சொல்லி, கிளாஸ் வந்ததும் மூடிக்கொள்வார். நான் ஒன்றைத் திறந்து பார்த்தேன். அந்தப் பக்கம் இருந்த பெண் சிரித்து, "என்ன வேண்டும், லவ்?" என்றாள். தலை நரைத்த என்னை 'லவ்' என்று விளித்த முதல் பெண் அவள்தான். தங்கை மகன் அன்றிரவு முழுக்க அதைச் சொல்லிச் சிரித்தான். லண்டன் பப்பில் எல்லாரும் லவ்தான், டார்லிங்தான். 1946-இல் ஜார்ஜ் ஆர்வெல் தன் மனசுக்குப் பிடித்த பப் எப்படி இருக்கும் என்று ஒரு மாலைப் பத்திரிகையில் எழுதிய கட்டுரையிலும் பீர் ஊற்றும் பெண்கள் வருகிற எல்லாரையும் அன்பாக விளிப்பார்கள் என்பது ஓர் இலக்கணம். எல்லாம் வருணித்துவிட்டு, அப்படி ஒரு பப் இல்லவே இல்லை, நான் கற்பனை செய்தது என்று முடித்துவிட்டார் மனிதர்.

ஆக, இன்று என்னை வியக்க வைத்த "இவர்தான் முன்னால் வந்தார்" அந்த ஊரில் ஆதியிலிருந்து இருந்ததில்லை. கவுண்டரில் யாரெல்லாம் நிற்கலாம் என்பதே நெடுநாள் வழக்காக இருந்திருக்கிறது. சில இடங்களில் நிஜமாகவே வழக்காக.

ஃப்ளீட் தெருவில் 'எல் வினோ' என்று ஒரு புகழ்பெற்ற ஒயின் பார். பத்திரிகைக்காரர்களும் வக்கீல்களும் கூடுகிற இடம். அங்கே பெண்கள் கவுண்டரில் நின்று வாங்க முடியாது. உள்ளே போய் மேஜையில் உட்கார வேண்டும்; அங்கே கொண்டுவந்து தருவார்கள். வழக்கறிஞர் டெஸ் கில், பத்திரிகையாளர் அன்னா கூட் என்ற இருவர் கவுண்டருக்குப் போய் ஒயின் கேட்டார்கள், மறுக்கப்பட்டது, வழக்குப் போட்டார்கள். கீழ் நீதிமன்றத்தில் தோற்று, 1982-இல் மேல்முறையீட்டில் வென்றார்கள். நம் ஊர்க்காரனுக்கு இந்த வழக்கு முதலில் புரியாது. உட்கார வைத்துப் பரிமாறுவதுதானே மரியாதை? நிற்க வைப்பதுதானே அவமரியாதை? இங்கே தலைகீழ். செய்தி பரிமாறுவது, வதந்தி பிறப்பது, வேலை கிடைப்பது எல்லாம் கவுண்டரில். மேஜையில் உட்கார வைத்து உபசரிப்பது என்றால் பேச்சிலிருந்து விலக்கி வைப்பது. பப்பில் உபசாரம் என்று நாம் நினைப்பது எதுவும் நடக்காததன் காரணம் எனக்கு அந்தத் தீர்ப்பைப் படித்த பிறகுதான் விளங்கியது. எல்லாரும் எழுந்து நடந்து போய், எல்லாரோடும் நின்று கேட்டு வாங்குவதில்தான் அங்கே மதிப்பு.

நிறத்துக்காகத் தள்ளி வைத்த கதை இன்னும் கசப்பு. அதற்காக ஒரு சனிக்கிழமை ரயில் ஏறி பர்மிங்ஹாம் பக்கம் ஸ்மெதிக் போனோம். இரும்பு வார்ப்பாலைகளில் வேலை செய்யப் பஞ்சாபிலிருந்து வந்தவர்கள் நிறைந்த ஊர். 1960-களில் அங்குள்ள பல பப்புகளில் இந்தியர்களும் கரீபியர்களும் பொதுப் பகுதியில் மட்டுமே நிற்கலாம். மெத்தை போட்ட அறைக்குள் போனால் ஊற்றமாட்டார்கள். சில இடங்களில் உள்ளேயே விடமாட்டார்கள். இந்தியத் தொழிலாளர் சங்கம் இதை எதிர்த்துப் போராடியது. வெள்ளைக்கார நண்பரை முதலில் அனுப்பி, பின்னால் தாங்கள் போய், யாருக்கு ஊற்றுகிறார்கள் என்று சாட்சியோடு நிரூபித்தார்கள். 1965 பிப்ரவரியில் அவர்கள் அழைப்பில் அமெரிக்கக் கறுப்பினப் போராளி மால்கம் எக்ஸ் வந்தார். 'புளூ கேட்ஸ்' என்ற பப்பின் நல்ல அறையில் அவருக்கு ஊற்ற மறுத்தார்கள். பொதுப் பகுதிக்குப் போய்த்தான் குடிக்க முடிந்தது. ஒன்பது நாள் கழித்து நியூயார்க்கில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த ஆண்டு முடிவதற்குள் பொது இடங்களில் நிறம் பார்த்து மறுப்பதைத் தடுக்கும் சட்டம் பிரிட்டனில் வந்தது.

அதற்கப்புறம் நடந்தது எனக்குப் பிடித்த பகுதி. யாரை உள்ளே விடவில்லையோ அவர்கள் பிள்ளைகள் பப்புகளையே எடுத்து நடத்தத் தொடங்கினார்கள். ஸ்மெதிக், வெஸ்ட் ப்ராம்விச் பக்கம் 'தேசி பப்' என்றால் தனிச் சாப்பாடு. நாங்கள் போன இடத்தில் வெளியே பழைய ஆங்கிலப் பலகை, உள்ளே கால்பந்து ஓடுகிற டிவி, அடுப்பில் கரி. மிக்ஸட் கிரில் கேட்டால் இரும்புத் தட்டில் வெங்காயம் பொரியும் சத்தத்தோடு ஆட்டுச் சாப்ஸ், சீக் கபாப், கோழி இறக்கை, மீன் எல்லாம் குவிந்து வருகிறது, பக்கத்தில் நான் ரொட்டி. எங்கள் மேஜையை ஒட்டி ஒரு சர்தார்ஜி தாத்தாவும் வெள்ளைக்காரத் தாத்தாவும் ஒரே வார்ப்பாலையில் வேலை பார்த்த கதையைப் பேசிக்கொண்டிருந்தார்கள். இருவருக்கும் ஒரே மாதிரி பர்மிங்ஹாம் இழுவை. கண்ணை மூடிக் கேட்டால் யார் யாரென்று சொல்ல முடியாது. லண்டன் சவுத்தாலில் 'கிளாஸி ஜங்ஷன்' என்று ஒரு பஞ்சாபிப் பப் முன்பு இருந்தது. அங்கே இந்திய ரூபாய் நோட்டையும் வாங்கிக்கொள்வார்கள் என்பது பெரிய பேச்சு. இப்போது அது இல்லை.

சாப்பாடு என்று வந்துவிட்டதால் மற்றதையும் சொல்லிவிடுகிறேன். முப்பது நாற்பது வருஷத்துக்கு முன் பப் சாப்பாடு என்றால் உருளை வறுவல் பாக்கெட், வினிகரில் ஊறிய முட்டை, பன்றித் தோல் பொரியல், மிஞ்சினால் ஒரு பை. ரொட்டி, சீஸ், ஊறுகாய் வைத்த 'ப்ளவ்மன்ஸ் லஞ்ச்' ஏதோ உழவர்களின் ஆதி உணவு மாதிரி கரும்பலகையில் எழுதியிருக்கும். சீஸ் விற்பனையைக் கூட்ட இருபதாம் நூற்றாண்டின் நடுவில் பால் துறையினர் பரப்பிய விளம்பரத்தில்தான் அது பிரபலமானது. மாற்றம் 1991-இல் வந்தது. ஃபாரிங்டன் சாலையில் 'தி ஈகிள்' என்ற பப்பை இரண்டு பேர் எடுத்து, கவுண்டருக்குப் பின்னாலேயே அடுப்பை வைத்து, தினமும் என்ன சமையலோ அதைக் கரும்பலகையில் எழுதி, மேஜை விரிப்பு போன்ற ஜம்பம் இல்லாமல் நல்ல சாப்பாடு போட்டார்கள். அதிலிருந்துதான் 'கேஸ்ட்ரோபப்' என்ற வகையே கிளம்பியது. 2007 ஜூலையில் இங்கிலாந்து முழுக்கப் பப்புக்குள் புகை பிடிக்கத் தடை வந்ததும், சிகரெட் நாற்றம் போய்ச் சாப்பாட்டு வாசம் தெரிய ஆரம்பித்தது. கென்சிங்டனில் முகப்பு முழுக்கப் பூந்தொட்டியால் மூடிக்கிடக்கும் 'சர்ச்சில் ஆர்ம்ஸ்' பப்பில், சர்ச்சில் படங்களுக்கு நடுவில் நடந்து பின்பக்கம் போனால் தாய்லாந்து சாப்பாடு. காரம் உண்மையான காரம். பல நாள் கழித்து என் நாக்கு விழித்துக்கொண்டது அங்கேதான்.

ஆனால் பப்பின் ராஜ சாப்பாடு ஞாயிறு மதிய ரோஸ்ட். தங்கை மகன் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி அவனுடைய வழக்கமான பப். சனிக்கிழமையே சொல்லி வைக்காவிட்டால் இடம் கிடைக்காது. நான் ஆட்டுக்கறி சொன்னேன். கவுண்டரில் சொல்லிப் பணத்தைக் கொடுத்தால் எண் எழுதிய ஒரு மரக்கரண்டியைத் தருகிறார்கள்; அதை மேஜையில் நட்டு வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். தட்டு வந்தது. மெல்லிசாக வெட்டிய கறி, கொழுப்பில் வறுத்து வெளியே மொறுமொறுப்பும் உள்ளே மாவுமான உருளைக்கிழங்கு, கேரட், முட்டைகோஸ், எல்லாவற்றின் மேலும் உப்பிப் போன பூரியின் மேல்பக்கத்தை அமுக்கிக் கிண்ணமாக்கியது போல ஒரு யார்க்‌ஷர் புட்டிங். மைதா, முட்டை, பால் கரைத்துச் சூடான கொழுப்பில் ஊற்றி ஓவனில் வைப்பது, இனிப்பு கிடையாது. அந்தப் பள்ளத்தில் கிரேவியை நிரப்பி, உடைத்து, தோய்த்துச் சாப்பிட வேண்டும். ஆட்டுக்கறிக்குத் தொட்டுக்கொள்ளப் புதினாவை வினிகரிலும் சர்க்கரையிலும் ஊறவைத்துத் தந்தார்கள். பச்சை மிளகாய் ஒன்று போட்டிருந்தால் உருப்பட்டிருக்கும். ஆனால் அந்த உருளைக்கிழங்கு! அதற்கு ஈடாகச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. குழந்தைகள் மேஜைக்கடியில் தவழ்ந்தார்கள், ஒரு கிழட்டு நாய் கிரேவி வாசத்துக்குத் தலையைத் தூக்கித் தூக்கிப் படுத்தது. நாலு மணி வரை யாரும் பில்லை நீட்டி எழுப்பவில்லை. கிளம்பும்போது பலர் தங்கள் காலிக் கிளாஸைத் தாங்களே கவுண்டரில் கொண்டுபோய் வைத்துவிட்டு நன்றி சொல்லிப் போனார்கள்.

எல்லா இடமும் இப்படி இல்லை. தேம்ஸ் நதிக்கரையில், சுற்றுலாக்காரர்களை நம்பியே நடக்கும் ஒரு பப்பில் மீனும் சிப்ஸும் சொன்னோம். மாவு எண்ணெய் குடித்துத் துவண்டிருந்தது. மீனின் நடுப்பகுதி சில்லென்றிருந்தது. பக்கத்து மேஜையில் ஓர் ஆங்கிலேயத் தம்பதிக்கும் அதே கதி. இருவரும் தட்டைக் கிளறியபடி முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள். பரிமாறிய பெண் வந்து, எல்லாம் நன்றாக இருக்கிறதா என்று கேட்டதும், "பிரமாதம், நன்றி" என்று இருவரும் ஒரே குரலில் சிரித்தார்கள். அவள் போனதும் மறுபடி முணுமுணுப்பு. மதுரையில் இந்த மீன் வந்திருந்தால் மாஸ்டர் அடுப்படியிலிருந்து வெளியே வந்திருப்பார். ஆங்கிலேய வாடிக்கையாளர் கோபத்தைச் சொல்ல மாட்டார். அடுத்த முறை வரமாட்டார், அவ்வளவுதான்.

பீரைப் பற்றிக் குடிக்காதவன் என்ன சொல்வது என்று கேட்கலாம். நான் மூன்று விரற்கடை குடித்தேன், மருந்து மாதிரி. கவுண்டரில் வரிசையாக நிற்கும் கைப்பிடிகளில் எது என்ன என்று நான் கேட்கப்போக, பீர் பிடிக்கிற பையன் மூன்று குட்டிக் கிளாஸில் கொஞ்சம் கொஞ்சம் பிடித்து முன்னால் வைத்தான். காசு வாங்கவில்லை, ருசி பார்த்துத் தேர்வு செய்வது வாடிக்கையாளர் உரிமையாம். கைப்பிடியை இழுத்து வரும் இந்த 'ரியல் ஏல்', நிலவறையில் பீப்பாய்க்குள் உயிரோடு இருக்கும் சரக்கு. வடிகட்டிச் சூடாக்கி அடைத்தது அல்ல. ஈஸ்ட் உள்ளேயே வேலை செய்துகொண்டிருக்கும். 11 முதல் 13 டிகிரிக் குளிரில் வைத்திருக்க வேண்டும். பீப்பாயைத் திறந்தால் மூன்று நாளைக்குள் தீர்க்க வேண்டும். கூட்டம் இல்லாத பப்பில் நல்ல ஏல் கிடைக்காது. வாடிக்கையாளர்கள்தான் அதன் ருசி. 1960-களில் பெரிய நிறுவனங்கள் இந்தத் தொல்லையே வேண்டாமென்று, வாயு ஏற்றிய, செத்த பீருக்கு மாறின. 1971-இல் நாலு ஆங்கிலேய இளைஞர்கள் அயர்லாந்துக்கு விடுமுறைக்குப் போன இடத்தில் இதை எதிர்த்து இயக்கம் ஒன்றைத் தொடங்கினார்கள். காம்ரா என்ற அந்த இயக்கத்தால்தான் கைப்பிடிகள் இன்றும் நிற்கின்றன.

நான் ருசித்த மூன்றில் ஒன்று இந்தியா பேல் ஏல். பதினெட்டாம் நூற்றாண்டுக் கடைசியில் கிழக்கு லண்டன் போ பகுதியில் ஹாட்ஜ்சன் என்பவரின் ஆலையிலிருந்து கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்களில் மதராஸுக்கும் கல்கத்தாவுக்கும் பீப்பாய் பீப்பாயாகப் போன வகை. மாதக்கணக்கான கடல் வெயில் தாங்க ஹாப்ஸ் பூவை அள்ளிப் போடுவார்கள். அந்தக் கசப்பு நாக்கின் அடியில் இன்னும் இருக்கிறது. கோட்டையில் உட்கார்ந்து வெள்ளைக்காரன் இதைத்தான் குடித்தான் என்றால், அவன் ஏன் சிடுசிடுத்தே இருந்தான் என்பது புரிகிறது.

கடைசியாக, கில்பர்ன் பார்க் ரயில் நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில் 'கார்ல்டன் டாவர்ன்'. வாசலில் நின்று பார்த்தால் நூறு வருஷத்துச் செங்கல் கட்டடம். 1920-21-இல் கட்டியது. இரண்டாம் உலகப் போரின் குண்டுவீச்சில் அந்தத் தெருவில் மிஞ்சியது இது ஒன்றுதான். 2015 ஏப்ரலில், பாதுகாப்புப் பட்டியலில் இதைச் சேர்க்கும் முடிவு வர இருந்த வாரத்தில், சரக்குக் கணக்கெடுக்க வேண்டும் என்று சொல்லி ஈஸ்டர் திங்களன்று கடையைச் சாத்தச் சொன்னார்கள் கட்டட உரிமையாளர்கள். இரண்டு நாளில் புல்டோசர் வந்தது. அடுக்குமாடிக் குடியிருப்பு கட்டும் திட்டம். அனுமதி வாங்கவில்லை.

அக்கம்பக்கத்தார் விடவில்லை. வெஸ்ட்மின்ஸ்டர் கவுன்சில், இடித்தவர்களே செங்கல் செங்கலாகத் திரும்பக் கட்டித்தர வேண்டும் என்று உத்தரவிட்டது. மேல்முறையீடு செய்தார்கள், 2016-இல் நடந்த விசாரணையிலும் உத்தரவு நின்றது. முன்கூட்டியே சந்தேகப்பட்டு ஊர்க்காரர்கள் மனுப் போட்டிருந்ததால், பட்டியலுக்காக வந்த அதிகாரிகள் ஓடுகளையும் வேலைப்பாடுகளையும் படமும் அச்சும் எடுத்து வைத்திருந்தார்கள். அதை வைத்து அப்படியே எழுப்பினார்கள். 2021 ஏப்ரலில், கொரோனா விதிகளால் உள்ளே உட்காரக்கூட முடியாத நேரத்தில், வெளி மேஜைகளில் பப் திறந்தது. 2000-ஆம் ஆண்டு வாக்கில் பிரிட்டனில் அறுபதாயிரம் பப் இருந்தன. இன்று சுமார் 45,000. மூடியது ஒன்று மண்ணிலிருந்து எழுந்து வந்தது அபூர்வம்.

உள்ளே கவுண்டரில் எனக்குப் பக்கத்தில், மழைக்கோட்டைக் கழற்றாமலே ஒரு கிழவர் உட்கார்ந்திருந்தார். பழைய பப்புக்கும் வந்திருக்கிறீர்களா என்று கேட்டேன். நாற்பது வருஷம் என்றார். எல்லாம் அப்படியே இருக்கிறதா?

சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "இடிப்பதற்கு முந்தின வாரம் இந்தப் பப்புக்கு நான் மூன்று பவுண்ட் பாக்கி. ஒவ்வொரு செங்கல்லையும் தேடித் திரும்ப வைத்தார்கள். அதை மட்டும் ஒருவரும் கேட்கவில்லை."